இரண்டும் இடது கால்

படத்தில் இருந்த குழந்தைக்கு இரண்டுமே இடது காலாக இருந்தது. நான் அரியலூர்ச் சீமைக்குப் போக நேர்ந்தது அதனால்தான்.

படத்தை என்னிடம் கொண்டுவந்தவன் ராசு. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். சொந்த ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் கப்பல் பட்டறைக்கு வந்தபோது மனைவி அஞ்சலை ஐந்து மாதக் கர்ப்பம். இப்போது குழந்தை செல்விக்கு மூன்றரை வயது. ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மகளுக்குச் செருப்பு வாங்கி அனுப்ப வேண்டும், காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அளவு அனுப்பு என்று மூன்று கடிதம் எழுதினான். வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் அளவு வரவில்லை. பதிலுக்கு ஒரு ஸ்டுடியோப் படம் வந்தது.

"அண்ணே, நீங்க கேமரா ரிப்பேர் பாக்குறவரு. இந்தக் காலைப் பாருங்க" என்றான்.

பார்த்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குட்டைப் பாவாடையில் ஒரு குழந்தை நின்றது. வலது காலின் கட்டைவிரல் உள்பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? அது வெளிப்பக்கம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாமே தூரிகை வேலை.

"மறைக்கிறாங்கண்ணே. என்னமோ இருக்கு. புள்ளைக்கு ஏதாச்சும்னா வேலையத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த பிளேன்ல ஏறிடுவேன்" என்றான். அவனுடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. நடுவில் போனவனை அந்தப் பட்டறை திரும்ப எடுப்பதில்லை.

நான் போகிறேன் என்று சொன்னேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. ரிப்பேர்க் கடையில் அரை மணி உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அதோடு எங்கள் முதலாளி அப்போதுதான் ஒரு புதுக் கேமரா வாங்கியிருந்தார். பொத்தானை அழுத்தினால் 'கிர்' என்று வாய் வழியாகப் படத்தைத் துப்பும். வெள்ளை அட்டையில் உருவம் கண்ணெதிரே தானாக எழும்பி வரும். நெகடிவ் இல்லை, கழுவ வேண்டாம், எவரும் தூரிகை வைக்க முடியாது. ராசுவுக்கு வேண்டியது அதுதான், கை படாத படம். கேமராவோடு ஒரே ஒரு பெட்டி ஃபிலிம் கிடைத்தது. அதில் பத்துப் படம்.

முதல் நாள் பெரம்பலூர். மே மாதம். எங்கள் சிங்கப்பூரிலும் வெயில் உண்டு, ஆனால் மாலையானால் மழை வந்து சமாதானம் சொல்லும். இங்கே வெயில் சமாதானத்துக்கு வருகிற ஜாதி இல்லை. லாட்ஜ் முதலாளி என் பையைப் பார்த்துவிட்டு, "அது என்ன பொட்டிங்க, டேப்ரிக்கார்டரா?" என்றார். எனக்குப் புதுச் சாமானைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும், வாய் நிற்காது. விளக்கினேன். நம்பவில்லை. நம்பவைக்க ஒரு படம் செலவானது.

இரவுச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு எதிரே பரோட்டாக் கடையில். பரோட்டா அடித்த அடியில் மேசைத் தம்ளர் குதித்தது. சிங்கப்பூரிலும் இதே பரோட்டாதான், ஆனால் அங்கே குழம்பைக் கிண்ணத்தில் வைப்பார்கள். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது முங்கும்வரை சால்னாவை ஊற்றிவிட்டுத்தான் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் படிக்கிற அறிவியல் செய்திகளை எல்லாம் அங்கே கடை விரித்தேன். பேட்டரியே இல்லாமல் வெளிச்சத்தில் ஓடும் கால்குலேட்டர், கண்ணாடிக் குழாயில் கருவாகிப் பிறந்த குழந்தை, பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துபோனது.

"அம்மை ஒழிஞ்சிடுச்சா? எங்க தெருவுல போன மாசங்கூட ரெண்டு வூட்டுல வேப்பலை கட்டியிருந்தாங்களே!" என்றார் பரோட்டா மாஸ்டர்.

"அது சின்னம்மை. நான் சொல்றது பெரியம்மை."

"பெரியவ போயிட்டா, சின்னவ இருக்காளா? சரிதான். சின்னது மட்டும் என்ன லேசுப்பட்டதா?" என்று அடுத்த பரோட்டாவை அடித்தார். கடை சிரித்தது. சிரித்த சந்தோஷத்தில் அவரை இரண்டு படம் எடுத்துத் தொலைத்தேன். மூன்று போயிற்று.

மறுநாள் அரியலூர் பஸ். பாதி வழியில் பின்சக்கரம் படுத்துவிட்டது. ஸ்டெப்னி ஏற்கெனவே படுத்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் பிள்ளைகுட்டி முதல் கோழிக்கூடை வரை எல்லாருக்கும் ஒருமுறை வெள்ளை அடித்துவிட்டுப் போயின. கண்டக்டர் லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, டயரோடு ஏறிப் போனார். மற்றவர்கள் புளியமரத்தடியில் துண்டை விரித்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. மரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடந்தேன். இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுத் தயவில் எனக்குத் தெலுங்கு புரியும். ஒருத்தி சொன்னாள்: "இவன் காலில் சக்கரம் இருக்கிறது. அதைக் கழற்றி பஸ்ஸில் மாட்டினால் இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்." மற்றவள் சிரித்ததில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்தது.

அந்தச் சிரிப்புக்காகவே கேமராவை எடுத்தேன். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அட்டை வெளியே வந்தது. நான் தடுப்பதற்குள் டிரைவர் அதைப் பிடுங்கி பஸ் பானட்டின்மேல் வெயிலில் வைத்துவிட்டார். "ஈரமா இருக்கும் சார். காயட்டும்." மிளகாய், வேர்க்கடலை, வடாம் என்று சகலத்தையும் காயவைத்துப் பழகிய கை. வெளியே வந்த உருவங்கள் அத்தனைக்கும் மஞ்சள் காமாலை. இன்னொன்று எடுத்து என் சட்டைக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபிலிம் சூட்டில் கெட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் ஐந்து.

அரியலூரில் இறங்கியதும் ஐஸ் தேடி ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். சோடாக் கடைக்காரர் மரத்தூளுக்குள் புதைத்திருந்த பாறையிலிருந்து ஒரு துண்டு உடைத்து, பாலிதீன் பையில் கட்டி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம், படம் எடு என்றார். மிச்சம் நான்கு. கேமராவை ஐஸோடு ஒட்டிவைத்து, பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஸ்டுடியோவைத் தேடினேன்.

ராசு கொடுத்தனுப்பிய படத்தின் பின்னால் முத்திரை இருந்ததால் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஸ்டுடியோக்காரர் கலியபெருமாள். ஐம்பது வயது, காதில் ஒரு தூரிகை, மூக்கில் ஒரு மரு. என் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க. படம் வந்துருச்சு. ரீடச் எப்படிப் பண்ணுவீங்க?"

"பண்ண முடியாது. அதுதான் இதோட பெருமை."

"பண்ண முடியாதா? அப்புறம் அது என்னங்க படம்? கண்ணை மூடிட்டான்னா?"

"மூடின கண்ணுதான் வரும்."

"தப்பான மிஷினுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அவரை ஒரு படம் எடுத்தேன். மூக்கு மரு மூக்கைவிடப் பெரிதாக வந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டார்.

செல்வியின் படத்தை எடுத்து நீட்டினேன். அவர் முகத்தில் விளையாட்டுப் போயிற்று. "அந்தப் புள்ளையோட அம்மா கேட்டுச்சு. அதுக்கு மேல என்னைய எதுவும் கேக்காதீங்க. வலது காலைப் போட்டுக் குடுங்கன்னுச்சு. போட்டுக் குடுத்தேன்."

"எதைப் பார்த்துப் போட்டீங்க?"

"எதைப் பாக்குறது? பக்கத்துக் காலைப் பாத்துத்தான்."

கட்டைவிரலைச் சுட்டிக் காட்டினேன். மனிதர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். உதடு அசைந்தது. ஒவ்வொரு விரலாக எண்ணினார். "அய்யய்யோ. இத்தினி வருசத்துல இப்படி ஒரு தப்பு பண்ணதில்லீங்க. குடுங்க, அஞ்சு நிமிசத்துல விரலை மாத்தி வச்சிடறேன்." காதிலிருந்த தூரிகையை எடுத்தே விட்டார். நான் சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் காலுக்கு என்னதான் ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆண்டிமடம் பஸ். புது ஐஸ் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். இருபக்கமும் முந்திரித் தோப்பு. மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்கியது. ராசுவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பைக்குள் விட்ட கை சும்மா இருக்கவில்லை. 'கிர்.' ஓர் அட்டை வெளியே வந்தது. அதில் மெல்ல மெல்ல எழும்பியது ஒரு துண்டுச் சாக்கும் என் செருப்புக் காலும். காமாலை இல்லை, நல்ல தெளிவு. உள்ளே இன்னும் இரண்டுதான். என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். பக்கத்து ஆள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ராசுவின் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலை வெளியே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கொட்டையின் பால் பட்டு விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து கறுத்திருந்தது.

"அவரு எழுதியிருந்த சிங்கப்பூர் அண்ணனா? வாங்கண்ணே, உள்ளாற வாங்க. அவரு நல்லா இருக்காருங்களா? சாப்பாடெல்லாம் எப்படி?" கேள்வி என்னிடம், கண் என் பையிடம்.

செல்வி உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை கால்களை முழுக்க மூடியிருந்தது. சொளகிலிருந்த கொட்டைகளை ஒன்று, ரெண்டு, அஞ்சு என்று தன் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலில் சாப்பாடு. பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பு. எங்கள் ஊரில் முந்திரி என்றால் தகர டப்பாவில் வருகிற வறுத்த வெள்ளைச் சாமான். இது பிஞ்சு, மெத்தென்று, கறித்துண்டு மாதிரி. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் ராசு கொடுத்த ஸ்டுடியோப் படத்தை எடுத்து வைத்தேன். "அஞ்சலை, இதுல ரெண்டும் இடது கால். அவன் கண்டுபிடிச்சிட்டான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒன்றரை வயசுல காய்ச்சல் வந்துச்சுண்ணே. மூணு நாளு. விட்டதும் பாத்தா வலது காலு தொங்குது. போலியோன்னாங்க. சொட்டு மருந்து ஒரு தடவதான் போட்டேன். மறுதடவ நர்சம்மா ஐஸ் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தப்ப நான் தோப்புல கொட்டை பொறுக்கிட்டு இருந்தேன். வூடு பூட்டிக் கெடந்துச்சு. மருந்து சூடாயிடும்னு அந்தம்மா நிக்காம போயிட்டாங்க."

என் பக்கத்தில் சாக்கு நனைந்து, ஐஸ் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து படத்துக்காக ஊரெல்லாம் ஐஸ் தேடி ஓடிய ஆள் நான். பரோட்டாக் கடையில் நோய் ஒழிந்த கதையை நேரில் ஒழித்தவன் மாதிரி அளந்தவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

"ராசுவுக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நிப்பாரா? அன்னைக்கே வந்து நிப்பாரு. வந்து? நானும் அவரும் ரெண்டு பக்கமும் உக்காந்து அழறதா? திருச்சி ஆஸ்பத்திரியில காலுக்கு இரும்புல ஒண்ணு செஞ்சு மாட்டுறாங்க. அதுக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் இருக்கேன். அதை மாட்டினா புடிமானம் இல்லாம நிப்பான்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நிக்கிற புள்ளையத்தான் அவரு மொதல்ல பாக்கணும். அதான் அண்ணே, அந்த நெனப்புலதான் கால வரையச் சொன்னேன். எப்படியும் வரப்போற காலுதானேன்னு."

எழுந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். ராசுவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இவள் சொல்வதும் நியாயம்தான், அது மறு பக்கம். இரண்டு படத்தில் இதை எப்படித் தீர்ப்பது?

"உக்கார வச்சு எடுங்கண்ணே" என்றாள் அஞ்சலை. "பாவாடைய இழுத்து விட்டுடறேன். பொய்யும் இல்லை, வரைஞ்சதும் இல்லை."

சரி என்றேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். செல்வியைத் தூக்கி வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தாள். தலை சீவி, பொட்டு வைத்து, பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். அசையாதே என்றதும் குழந்தை கல்லாகிவிட்டாள். 'கிர்.'

படத்தை நிழலில் பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். பாவாடை வந்தது, பொட்டு வந்தது, பிறகு முகம் வந்தது. மிரண்டுபோன முகம். அஞ்சலை அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது அந்த ஸ்டுடியோப் படம் மாதிரியேதான் இருக்குண்ணே" என்றாள் மெதுவாக.

"எனக்கு! எனக்குக் காட்டு!"

திரும்பினோம். அட்டையிலிருந்து ஆள் எழும்பி வருகிற அதிசயத்தை செல்வி அவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டிருக்கிறாள். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். வலது கையை வலது முழங்கால்மேல் ஊன்றி, ஒரு அழுத்து, ஒரு எட்டு. மறுபடி அழுத்து, மறுபடி எட்டு. காய்கிற கொட்டைகளுக்கு நடுவே, ஒன்றையும் மிதிக்காமல், உடம்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்து, வாயெல்லாம் பல்லாக வந்தாள். நடை இல்லை அது. ஓட்டம்.

கேமரா என் கையில் இருந்தது. பஸ்ஸில் கேட்காமலே அழுத்திய விரல் இப்போது அசையவில்லை. அஞ்சலையைப் பார்த்தேன். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்கண்ணே" என்றாள். "சீக்கிரம் எடுங்க, நின்னுடப் போறா."

எடுத்தேன். பத்தாவது படம் அது.

நான் கிளம்பும்போது அஞ்சலை பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, மகளை அதன்மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கரித்துண்டால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டேன். கூசியதில் செல்வி இரண்டு தடவை காலை இழுத்தாள். இடது பெரிது, வலது இரண்டு விரல்கடை சிறிது. அதை மடித்து என் பையில் வைத்து, "நாற்காலி படத்தையும் அவருக்குக் குடுங்க. ரெண்டையும் பாக்கட்டும்" என்றாள். ஒரு படி முந்திரியும் ஏறியது. திருச்சிவரை அந்தப் பையை நான் மடியைவிட்டு இறக்கவில்லை. கால் ஆடியதா என்று ஞாபகமில்லை.

சிங்கப்பூரில் ராசு தங்குகிற விடுதி. பன்னிரண்டு கட்டில் உள்ள அறை. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். காகிதத்தை முதலில் கொடுத்தேன். விரித்தான். சின்னப் பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். அதற்குள் அது அடங்கிவிட்டது. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். காய்ச்சல், சொட்டு மருந்து, திருச்சி, இரும்பு. முடித்ததும், "டிக்கெட் போடணும்ணே" என்றான்.

நாற்காலிப் படத்தைக் கொடுத்தேன். தலையை அசைத்துவிட்டு வைத்துவிட்டான். பிறகு பத்தாவதைக் கொடுத்தேன்.

சிரித்துக்கொண்டு வருகிற மகள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்து முழங்காலில் ஊன்றிய கை. காற்றில் தூக்கிய இடது கால், மண்ணில் ஊன்றிய குச்சிபோன்ற வலது கால். அதன் கட்டைவிரல் உள்பக்கம் இருந்தது.

"ஓடுறாளாண்ணே?"

"ஓடுறா."

அவன் எழுந்தான். வலது கையை வலது முழங்கால்மேல் வைத்தான். ஓர் அழுத்து, ஓர் எட்டு. கட்டில்களுக்கு நடுவே அந்த ஆறடி ஃபிட்டர் சாய்ந்து சாய்ந்து கோடிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"இப்படியாண்ணே?"

"இதைவிட வேகமா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து, கோடு கலையாமல் மறுபடி அதே மடிப்பில் மடித்தான். டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம்ணே" என்றான். "ரெண்டு அளவுல ரெண்டு ஜோடி வாங்கணும்."